'திரும்பி வந்தான்' என்பது எப்படி ஒரு பெண்ணின் குடும்பப்பெயர் ஆனது? நவ்ராத்திலொவா என்ற செக் பெயரின் கதை

கேள்வி இதுதான்: டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினாவின் பெயருக்குப் பின்னால் வரும் 'நவரத்திலோவா' என்ற செக் குடும்பப்பெயருக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, 'ஓவா' என்று முடிவதால் 'நவரத்திலின் மகள்' என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் நேரடி விடை. அப்பெயரின் ஆண்பால் வடிவம் 'நவ்ராத்தில்'. அதன் பொருள் 'திரும்பி வந்தான்'. அதோடு 'ஒவா' என்ற பெண்பால் விகுதி சேர்ந்தது 'நவ்ராத்திலொவா'. விகுதி பிறந்த காலத்தில் அதற்கு 'இன்னாருக்கு உரியவள்' என்று பொருள். மகளுக்கும் அதே வடிவம், மனைவிக்கும் அதே வடிவம். எனவே 'மகள்' என்று மட்டும் பெயர்த்தால் பாதிதான் சரி. இன்று அது பெயருக்குரியவர் பெண் என்பதைக் காட்டும் இலக்கண அடையாளம், அவ்வளவே.

உச்சரிப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பிழை அங்கேயே ஆரம்பிக்கிறது. நம் பத்திரிகைகள் ஆங்கில வழியாக வாங்கியதால் 'லோ' நீண்டுவிட்டது. செக்கில் அந்த இடம் குறில்: 'லொ'. நீள்வது 'ரா', இறுதி 'வா' ஆகிய இரண்டும்தான். அழுத்தமோ முதல் அசையான 'நவ்' மீது விழும். செக் மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசைக்கு, நீட்டம் எந்த அசைக்கும் வரலாம். இரண்டும் தனித்தனிச் சங்கதிகள். நடுவில் உள்ள 'தி' நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் மெல்லிய ஒலி, 'த்யி' என்பதற்குப் பக்கத்தில் வரும். தலையில் சாய்கோடு (á போல) போட்டு எழுதும் உயிரெழுத்து நெடில். சாய்கோட்டை விட்டுவிட்டு எழுதினால் குறில் எது, நெடில் எது என்பது தெரியாமல் போகும்.

பெயரைப் பிரிக்கும்போது 'நவ' என்று பிரித்துவிடக் கூடாது. நவரத்தினத்துக்கும் நவராத்திரிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. சரியான பிரிப்பு 'ந + வ்ராத்தில்'. 'ந' என்பது 'மேல், நோக்கி' என்ற பொருள் தரும் முன்னொட்டு. 'வ்ராத்தித்' என்றால் திருப்புவது, திருப்பிக் கொடுப்பது. 'செ' ('தன்னை') என்ற தற்சுட்டுச் சொல்லைச் சேர்த்து 'வ்ராத்தித் செ' என்றால் திரும்பி வருவது. முன்னொட்டோடு வரும் 'நவ்ராத்தித் செ' இன்று கொஞ்சம் ஏட்டு நடை. தெருவில் பேசும்போது முன்னொட்டு இல்லாமல் சொல்வார்கள். இதன் இறந்தகால ஆண்பால் வடிவம்தான் 'நவ்ராத்தில் செ', திரும்பி வந்தான். குடும்பப்பெயர் ஆனபோது 'செ' உதிர்ந்துவிட்டது.

வேர் இன்னும் ஆழமானது. பழைய ஸ்லாவிய மொழியில் இது 'வொர்த்தித்தி' என்று இருந்தது. செக்கில் 'ஒர்' என்ற சேர்க்கை இடம் மாறி 'ர' முன்னால் வந்துவிடும். அப்படித்தான் 'வொர்த்' 'வ்ராத்' ஆயிற்று. திரும்புதல், சுழலுதல் என்ற பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேர் இது. லத்தீனின் 'வெர்ட்டெரெ'யும் சமஸ்கிருதத்தின் 'வர்த்தயதி'யும் இதே குடும்பம். அந்தச் சமஸ்கிருத வேரிலிருந்து தமிழ் கடன் வாங்கிய சொற்கள் நம் வாயில் தினமும் புழங்குகின்றன: பரிவர்த்தனை, நிவர்த்தி, ஆவர்த்தனம். தாளம் ஒரு சுற்று முடிந்து மறுபடி சமத்துக்கு வருவதை ஆவர்த்தனம் என்கிறோமே, அந்த 'வர்த்'தும் மார்ட்டினாவின் பெயரில் உள்ள 'வ்ராத்'தும் ஒரு வேர். நவராத்திரியோடு ஒலி ஒப்புமை தற்செயல். ஆவர்த்தனத்தோடு உள்ள உறவு உண்மையானது.

அடுத்து, இந்தப் பெயரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'திரும்பி வந்தவன்' என்ற பெயர்ச்சொல் அல்ல இது. 'திரும்பி வந்தான்' என்ற முழு வினையே பெயராக நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இது புதிதில்லை. 'வந்தானைக் கண்டேன்' என்று சொல்லும்போது வினைமுற்றைப் போன்ற 'வந்தான்' வேற்றுமை உருபு ஏற்றுப் பெயராகிவிடுகிறது. வினையாலணையும் பெயர் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். செக்கர்கள் அதையே குடும்பப்பெயராக்கித் தலைமுறை தலைமுறையாகக் கடத்தியிருக்கிறார்கள்.

இத்தகைய பெயர்கள் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் தனி அடையாளம். ஒலொமொவ்ட்ஸ், ப்ரொஸ்த்யெயொவ் நகரங்களைச் சுற்றியுள்ள ஹனா சமவெளியில் அவற்றைச் செழிப்பாகக் காணலாம். பொஸ்பீஷில் என்றால் அவசரப்பட்டான். க்வபில் என்றாலும் விரைந்தான். டொலெஷல் என்றால் வேலை செய்யாமல் சாய்ந்து கிடந்தான். விஸ்கொச்சில், துள்ளிக் குதித்தான். டொஹ்நல், விரட்டி எட்டிப் பிடித்தான். ஸ்லாமல், உடைத்தான். ரொஸ்ஸிபல், கொட்டிச் சிந்தினான். ஸ்ட்ரஷில், விலையை ஏற்றினான். நெஸ்வல், அழைக்கவில்லை. கல்யாணத்துக்கோ விருந்துக்கோ யாரையோ அழைக்காமல் விட்ட ஒருவனுக்கு ஊர் வைத்த பெயராக அது இருந்திருக்கலாம். எந்த விருந்து என்பதை மறந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது. ஏவல் வினையே பெயரானதும் உண்டு: 'ஒஸொல்ஸொப்யெ' என்றால் 'நீயே உப்புப் போட்டுக்கொள்', 'ஸ்கொச்டொபொலெ' என்றால் 'வயலுக்குள் குதி'. இவையெல்லாம் உண்மையான குடும்பப்பெயர்கள்.

இவை ஒரு சம்பவத்தில் பிறந்த பட்டப்பெயர்கள். ஒரு கிராமத்தில் யான் என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தால், 'எந்த யான்?' என்ற கேள்விக்கு ஊர் தரும் பதில் பெயராகிவிடும். 'அதான், திரும்பி வந்தானே, அந்த யான்.' எங்கிருந்து திரும்பி வந்தான்? பட்டாளத்திலிருந்து வந்திருக்கலாம். தொழில் கற்றவர்கள் ஊர் ஊராக அலைந்து வேலை பழகும் வழக்கம் இருந்தது; அந்த அலைச்சலை முடித்து வந்திருக்கலாம். பண்ணையை விட்டு ஓடிப்போய்த் திரும்பியவனாகவும் இருக்கலாம். 1781-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் பண்ணையடிமை முறையை நீக்கும்வரை, செக் நிலங்களில் குடியானவன் தன் பண்ணை எஜமானின் அனுமதியின்றி ஊர் மாறவோ, திருமணம் செய்யவோ, மகனைத் தொழில் படிக்க அனுப்பவோ முடியாது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் போனதும் வந்ததும் எல்லோரும் பேசும் செய்தி. ஆனால் இந்தக் காரணங்களில் எது ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குப் பொருந்தும் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே பட்டப்பெயர் பல ஊர்களில் தனித்தனியாக முளைத்திருக்கிறது. எல்லா நவ்ராத்தில்களும் ஒரே மூதாதையின் வழி வந்தவர்கள் அல்ல. 'உங்கள் முன்னோர் 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரிலிருந்து திரும்பிய வீரர்' என்று யாராவது அடித்துச் சொன்னால், ஆவணம் கேளுங்கள்.

இப்படிப்பட்ட பெயர்கள் ஊர் வாயில் வெகுகாலம் புழங்கினாலும், மாறாமல் தந்தை வழியாகப் பிள்ளைகளுக்குச் சென்றே தீரவேண்டும் என்பது 1780-களில் இரண்டாம் ஜோசப் காலச் சட்டங்களால்தான் உறுதியானது. அதற்கு முன் ஒரே ஆளை ஒரு பதிவேட்டில் ஒரு பெயராலும் இன்னொன்றில் வேறு பெயராலும் காணலாம். வேறொருவரின் பண்ணை வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவர் அந்த வீட்டின் பெயரால் அழைக்கப்படுவதும் சாதாரணம்.

இனி விகுதி. செக்கில் ஒருவருக்கு உரியதைச் சொல்ல அவர் பெயரிலிருந்தே பெயரடை உண்டாக்குவார்கள். நவ்ராத்திலின் வீடு என்றால் 'நவ்ராத்திலூவ்' வீடு. வீடு அங்கே ஆண்பால். தோட்டம் பெண்பால், ஆகவே 'நவ்ராத்திலொவ' தோட்டம். இந்த 'ஒவ'வில் இறுதி குறில். பெண்ணின் பெயரில் வரும் 'ஒவா'வில் இறுதி நெடில். பழைய உடைமைப் பெயரடைதான் காலப்போக்கில் நெடில் பெற்று, தனிப் பெயராக நிலைத்தது. 'நவ்ராத்திலொவ' என்று குறிலாக எழுதினால் 'நவ்ராத்திலுடைய' என்றாகும். 'நவ்ராத்திலொவா' என்று நெடிலாக எழுதினால் அந்தப் பெண். ஒரு சாய்கோட்டில் பொருளே மாறுகிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: வினைப்படி பார்த்தால் 'அவள் திரும்பி வந்தாள்' என்பதற்கு 'நவ்ராத்தில செ' என்றுதான் வரும். அப்படியானால் பெண்ணின் பெயர் 'நவ்ராத்தில' என்றல்லவா இருக்க வேண்டும்? இல்லை. பெயராக மாறிய கணத்திலேயே அது வினைத்தன்மையை இழந்து, 'நொவாக்' போல ஒரு சாதாரண ஆண்பால் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. பெயர்ச்சொல்லுக்குரிய விகுதிதான் அதற்குச் சேரும். ஆகவே பெண் 'திரும்பி வந்தவள்' அல்ல, 'திரும்பி வந்தான் என்பவனைச் சேர்ந்தவள்'.

ரஷ்யப் பெயர்களோடு இதைக் குழப்புவது மிகப் பரவலான தவறு. ரஷ்யனில் ஆண் இவானொவ், பெண் இவானொவா. 'ஒவ்' ஆணின் பெயரிலேயே இருக்கிறது, பெண்ணுக்குச் சேர்வது 'ஆ' மட்டும். செக்கில் ஆண் நொவாக், பெண் நொவாகொவா. முழு 'ஒவா'வும் பெண்ணுக்காக வருவது. 'நவ்ராத்திலொவ்' என்ற செக் ஆண் பெயர் கிடையாது. போலந்து மொழியில் ஒரு காலத்தில் மனைவிக்கு 'ஒவ', மகளுக்கு 'ஊவ்ன' என்று தனித்தனி விகுதிகள் இருந்தன. செக் அப்படிப் பிரிக்கவில்லை.

எந்தச் செக் பெண் பெயரின் பொருளையும் தேட வேண்டுமென்றால் முதல் வேலை ஆண்பால் வடிவத்தை மீட்பது. 'ஒவா'வை வெட்டினால் போதும் என்று நினைத்தால் பல இடங்களில் இடறும். நவ்ராத்திலொவாவில் வெட்டினாலே விடை கிடைக்கும். நெம்ட்ஸொவாவில் வெட்டினால் 'நெம்ட்ஸ்' என்று வரும்; அப்படி ஒரு சொல் இல்லை. ஆண்பாலில் கடைசி மெய்களுக்கு இடையே ஓர் 'எ' இருந்து, விகுதி சேரும்போது மறைந்திருக்கிறது. அதைத் திரும்ப வைத்தால் 'நெமெட்ஸ்', ஜெர்மானியன். அதுவும் 'ஊமை' என்ற சொல்லிலிருந்து வந்தது: தங்கள் மொழி பேசத் தெரியாதவனை ஸ்லாவியர்கள் அப்படி அழைத்தார்கள். ஹவ்லொவா ஹவெல் ஆகும், ஹாய்கொவா ஹாயெக் ஆகும், நொஸ்கொவா பெரும்பாலும் நொஸெக், அதாவது சின்ன மூக்கு. ஷெவ்ட்ஸொவா இன்னும் விசித்திரம்: ஆண்பால் 'ஷ்வெட்ஸ்', செருப்புத் தைப்பவர். 'எ' இடம் விட்டு இடம் தாவியிருக்கிறது.

வேறொரு வகையில் வெட்டிய இடத்தில் 'அ' சேர்க்க வேண்டும். ஸ்வொபொடொவா, ஆண்பால் 'ஸ்வொபொட', சுதந்திரம் என்று பொருள். ப்ரொஹாஸ்கொவா, ஆண்பால் 'ப்ரொஹாஸ்க', உலா. முஹொவா, ஆண்பால் 'முஹ', ஈ. பெண்பால் வடிவத்தை மட்டும் பார்த்து இந்த 'அ' இருந்ததா, 'எ' இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று எப்போதும் சொல்ல முடியாது. தந்தை அல்லது கணவரின் பெயரைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இணையத்தில் காணும் பொருள் விளக்கங்கள் பலவும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, இல்லாத ஆண் பெயருக்குப் பொருள் சொல்கின்றன.

'ஒவா'வே வராத பெண் பெயர்களும் உண்டு. 1998-இல் விம்பிள்டன் வென்ற யானா நொவொட்னாவைப் பாருங்கள். ஆண்பால் 'நொவொட்னீ', பெயரடை, ஊருக்குப் புதியவன். பெயரடை என்பதால் ஈற்று 'ஈ' 'ஆ' ஆவதே போதும். செர்னீ, செர்னா, அதாவது கறுப்பு. வெஸெலீ, வெஸெலா, அதாவது மகிழ்ச்சி. இங்கே உடைமைப் பொருள் எங்குமே இல்லை. எனவே 'செக் பெண்களின் பெயர் எல்லாம் ஆணின் உடைமை என்றுதான் சொல்கிறது' என்ற பொதுப் பேச்சு சரியல்ல. 'க்ரெய்சீ' (தையற்காரர்) போன்றவையும், 'மார்ட்டினூ' (மார்ட்டின் வீட்டார்) போன்றவையும் இருபாலுக்கும் மாறாமல் நிற்கும்.

செக் மொழிக்கு இந்த விகுதி ஏன் இவ்வளவு தேவைப்பட்டது? ஏழு வேற்றுமைகள் உள்ள மொழி அது. தமிழைப் போலவே சொல்லின் இறுதிதான் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்லும். 'நொவாகொவா பொரஸில ஸ்வொபொடொவொவ்' என்றால் நொவாகொவா ஸ்வொபொடொவாவைத் தோற்கடித்தார். சொற்களை இடம் மாற்றி 'ஸ்வொபொடொவொவ் பொரஸில நொவாகொவா' என்றாலும் பொருள் மாறாது. 'ஒவொவ்' என்ற ஈறு நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. விகுதியை எடுத்துவிட்டுப் பெண்களை 'நொவாக்', 'ஸ்வொபொட' என்று மட்டும் எழுதினால் இரண்டு பெயரும் வேற்றுமை ஏற்காமல் நிற்கும். யார் வென்றார் என்றே தெரியாது. இதனால்தான் செக் செய்தித்தாள்கள் வெளிநாட்டுப் பெண்களுக்கும் விகுதி சேர்த்து அங்கேலா மெர்க்கெலொவா என்று எழுதி வந்தன.

சட்டமும் இதையே பின்பற்றியது. 2000-ஆம் ஆண்டின் 301-ஆம் எண் சட்டப்படி பெண்ணின் குடும்பப்பெயர் செக் இலக்கணப்படி அமைய வேண்டும். வெளிநாட்டவர், வெளிநாட்டவரை மணந்தவர், வெளிநாட்டில் நிரந்தரமாக வாழ்பவர், செக் அல்லாத தேசிய இனத்தவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்த நிபந்தனைகள் போய்விட்டன. எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமல் ஆண்பால் வடிவத்தை வைத்துக்கொள்ளலாம். பெண் குழந்தைக்குப் பெற்றோரும் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே இன்று யானா நவ்ராத்தில் என்ற பெண்ணும் இருக்கலாம், யானா நவ்ராத்திலொவாவும் இருக்கலாம். படிவம் நிரப்பும்போதோ மொழிபெயர்க்கும்போதோ கடவுச்சீட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். அப்பா நவ்ராத்தில், மகள் நவ்ராத்திலொவா என்று இருப்பது எழுத்துப்பிழை அல்ல. 'சரிசெய்ய'ப் போனால்தான் சிக்கல். முழுக் குடும்பத்தையும் அழைக்க வேண்டுமென்றால் 'நவ்ராத்திலொவி' என்ற பன்மை வடிவம் இருக்கிறது.

முன்னோரைத் தேடுபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மொராவியாவின் தேவாலயப் பதிவேடுகள் பெரும்பாலும் ப்ர்னோவிலும் ஓபவாவிலும் உள்ள ஆவணக் காப்பகங்களிடம் இருக்கின்றன. இணையத்தில் படமாகவே பார்க்கலாம். ஒரு பிறப்புப் பதிவேடு, கடைசிப் பதிவிலிருந்து 100 ஆண்டு கழிந்த பிறகே காப்பகத்துக்குப் போகும். திருமணப் பதிவேட்டுக்கு 75 ஆண்டு. அதுவரை அது பதிவு அலுவலகத்திலேயே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செக்கில் 'வ' ஒலிக்கு v-க்குப் பதிலாக w எழுத்தைப் போட்டார்கள். ஜெர்மன் மொழிப் பதிவுகளில் அந்த வழக்கம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது, சாய்கோடும் இருக்காது. பெண்ணின் பெயர் அவற்றில் 'நவ்ராத்திலின்' என்று ஜெர்மன் 'இன்' விகுதியோடு வரலாம், வெறும் 'நவ்ராத்தில்' என்றும் வரலாம், பேச்சு வழக்கில் 'நவ்ராத்தில்க' என்றும் வரலாம். எல்லாம் ஒரே பெண்தான். ஒரே ஊரில் பல நவ்ராத்தில் குடும்பங்கள் இருந்தால் வீட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1770–71-இல் வீடுகளுக்கு எண் போட்டார்கள். அதன் பிறகான பதிவுகளில் பெயரைவிட அந்த எண் நம்பகமானது.

பெயர் இரத்தவழியைக் காட்டும் என்றும் நம்பிவிடக் கூடாது. இதற்கு மார்ட்டினாவே சான்று. 1956 அக்டோபர் 18 அன்று ப்ராகில் பிறந்தபோது அவர் மார்ட்டினா ஷுபெர்ட்டொவா. ஷுபெர்ட் என்பது ஜெர்மன் பெயரின் செக் எழுத்து வடிவம். செருப்புத் தைப்பவர் என்று பொருள். பெற்றோர் பிரிந்த பின் தாயார் 1962-இல் மிரொஸ்லாவ் நவ்ராத்திலை மணந்தார். மாற்றாந்தந்தையான அவர்தான் மார்ட்டினாவின் முதல் டென்னிஸ் பயிற்சியாளர். மகள் அவருடைய பெயரை விகுதியோடு ஏற்றுக்கொண்டார். 'நவ்ராத்திலின் மகள்' என்று நேராக மொழிபெயர்த்துவிட்டு அதை வம்சமாக எண்ணுபவர்கள் இங்கே தவறிவிடுவார்கள்.

அதே பெண் 1975-இல் அமெரிக்காவில் தஞ்சம் கேட்டார். செக்கொஸ்லொவாக்கியாவின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. 1986-இல் பெண்கள் டென்னிஸில் நாடுகள் மோதும் கூட்டமைப்புக் கோப்பைப் போட்டி ப்ராகில் நடந்தபோது அமெரிக்க அணியின் வீராங்கனையாக அந்த நகரத்துக்கு வந்தார். அரங்கில் இருந்த செக்கர்களுக்கு அந்தக் குடும்பப்பெயர் என்ன சொல்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.